பதினான்காம் சுற்றில் ஒரு கூப்பாடு

சர்க்காரில் இலாகாக்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உப்புக்கு ஒன்று, சாராயத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, காட்டைவிட்டு ஊருக்குள் வரும் யானைக்கு ஒன்று. இத்தனை இருந்தும் சத்தத்துக்கு ஓர் இலாகா இல்லையே என்று தலைநகரில் யாரோ ஒருவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோன்றியிருக்கிறது. அப்படித்தான் நாதப் பங்கீட்டு இலாகா பிறந்தது. தோன்றியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல காரியமாக இருந்திருந்தால் பத்துப் பேர் உரிமை கொண்டாடியிருப்பார்கள்.

வெள்ளைக்காரர்களின் ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டுக் கட்டுகிறவன் ஒருவன். அதை வாத்தியங்களுக்குப் பங்குவைக்கிறவன் இன்னொருவன். இந்த வரி வயலினுக்கு, இந்த வரி குழலுக்கு, இந்த இடத்தில் முரசு வாயைத் திறக்கக்கூடாது என்றெல்லாம் தீர்மானிப்பது அந்த இரண்டாமவன். அவன் எதையும் வாசிக்க வேண்டியதில்லை. இதைக் கேள்விப்பட்டதும் சர்க்காருக்கு அந்த இரண்டாமவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதலில் போலீஸ் பேண்டைப் பங்குவைத்தார்கள். பிறகு கோயில் மேளத்தை. இரண்டு வருஷத்தில் வாத்தியங்கள் தீர்ந்துவிட்டன, உத்தியோகஸ்தர்கள் தீரவில்லை. எனவே சங்கீதத்துக்கு வெளியே இருக்கும் சத்தங்களையும் பங்குவைக்கலாம் என்று உத்தரவாயிற்று.

புதுக்கடைச் சந்தையில் முதலில் மரச்சீனிக் கிழங்குக்காரர்கள் கூவ வேண்டும், அவர்கள் முடித்தபின் தேங்காய்க்காரர்கள், அப்புறம்தான் மீன்காரப் பெண்கள் என்று பங்கு வந்தது. மீனின் முறை வரும்போது அதைக் கூவி விற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, மணமே ஊரைக் கூட்டியது. அஞ்சுகிராமத்தில் ஐந்து கிணறுகளில் கமலை இறைத்தவர்களின் பாட்டை ஒரே பாட்டாகச் சேர்த்தார்கள். நாலாம் கிணற்றுக்காரனுக்கு நடுவில் எட்டு அடி மௌனம். மாட்டை அதட்ட வேண்டிய இடமும் அந்த எட்டு அடிக்குள் அகப்பட்டுக்கொண்டது. காளை பின்னுக்கு நடந்து கிணற்றில் விழுந்தது. அது விழுந்த சத்தம் பங்கில் இல்லாததால் அறிக்கையிலும் இல்லை.

இந்தச் செய்தியெல்லாம் கொம்பன்துறைக்கு வந்து சேரவில்லை. இனயத்துக்குப் பக்கத்தில் நூறு குடிசையும் ஒரு சின்ன மாதா கோயிலுமாகக் கிடந்த துறை அது. கிணற்றில் விழுந்த காளை அங்கே யாருக்குச் சொந்தம்? கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு மாசி மாதம் நாதப் பங்கீட்டு அதிகாரி நாராயணபெருமாள் ஒரு நீளக் கோலுடனும், செல்வதாஸ் என்ற குமாஸ்தாவுடனும், ஆறு பேரேடுகளுடனும் மணலில் வந்து இறங்கியபோது, மீன் காயவைக்கும் வாடி போட வந்திருக்கிறார்கள் என்றுதான் ஏசுஅடிமை நினைத்தார்.

ஏசுஅடிமைக்கு நாற்பத்தைந்து வயது. கொம்பன்துறையில் கரமடி இழுக்க ஏலம் என்ற இழுவைப் பாட்டைச் சொல்கிறவர் அவர்தான். கரமடி என்பது கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு நுனியிலும் கட்டிய கம்பாக் கயிறுகளைக் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். பக்கத்துக்கு இருபது பேர். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஏலம் சொல்கிறவனின் குரல். "மாதாவே கையத் தா" என்று ஏசுஅடிமை சொன்னால் நாற்பது பேரும் "ஏலோ" என்பார்கள், கயிறு ஒரு சாண் வரும். எத்தனை தடவை சொல்வது, எங்கே நிறுத்துவது என்று கணக்கெல்லாம் கிடையாது. கம்பாவின் கனம் அவர் உள்ளங்கைக்குச் சொல்லும், உள்ளங்கை நாக்குக்குச் சொல்லும்.

வலையின் பின்னால் ஓர் ஆள் நீந்தி வருவான். தண்ணீரை அடித்து மீனை வலையின் பையான மடிக்குள் விரட்டுவது அவன் வேலை. வலை பாறையில் சிக்கினால் முங்கி எடுத்துவிடுவதும் அவன்தான். கொம்பன்துறையில் கரைக்கு நூற்றிருபது அடி தள்ளித் தண்ணீருக்கடியில் ஒரு பாறை உண்டு. அங்கே வலையோடு சேர்ந்து நீந்துகிறவன் காலும் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் "தாயே!" என்று கூப்பிடுவான். அந்தக் கூப்பாடு கேட்ட அடுத்த மூச்சில் ஏசுஅடிமை ஏலத்தை அறுப்பார், நாற்பது பேரும் கயிற்றைக் கீழே போடுவார்கள். வலை தளர்ந்ததும் அவன் காலை உருவிக்கொண்டு மேலே வருவான். இப்படி நாலு வருஷமாக நீந்தியவன் ஜஸ்டஸ், ஏசுஅடிமையின் தங்கை செசிலியைக் கட்டியவன். கடலில் கிடந்தே கண் சிவந்துபோன, எதற்கும் சிரிக்கிற ஆள்.

அதிகாரி வந்த அன்றைக்கே ஜஸ்டஸின் கால் பாறையில் மாட்டியது. "தாயே!" என்றான். ஏலம் அறுந்தது, கயிறு விழுந்தது, அவன் மேலே வந்து மூக்கைச் சிந்தினான். எல்லாம் ஒரு நிமிஷம். கரையில் குடைக்குக் கீழே நின்ற நாராயணபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"செல்வதாஸ், கேட்டீரா? ஆறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நாதத்தை நான் கேட்டதில்லை. எழுதிக்கொள்ளும். கூப்பாடு ஒன்று, தண்ணீரிலிருந்து."

"அது பாட்டில்ல எஜமான்," என்றார் ஏசுஅடிமை. "கால் மாட்டினா போடுத சத்தமாக்கும்."

"பாட்டா இல்லையா என்று தீர்மானிப்பது இலாகா," என்றார் அதிகாரி, கோபமே இல்லாமல். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஊரைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்தார்.

"ஜனங்களே, நான் பாடுவதில்லை. எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சங்கீதத்தில் பிரியமும் கிடையாது. அதனால்தான் இந்த உத்தியோகத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடுகிறவனுக்குத் தன் குரல்தான் கேட்கும். இழுக்கிறவனுக்குத் தன் கைதான் வலிக்கும். எனக்கு எதுவும் வலிப்பதில்லை. ஆகவே உங்கள் எல்லாருக்கும் பொதுவாக நின்று பங்குவைக்க என்னால் முடிகிறது. இன்றுமுதல் உங்கள் ஏலத்துக்கு இருபது சுற்று, சுற்றுக்கு முப்பது ஏலோ. பதினான்காம் சுற்றில் தண்ணீரிலிருந்து கூப்பாடு. என் கோல் உயர்ந்தால் குரல், கோல் தாழ்ந்தால் கை. பங்கு தவறுகிற துறைக்கு வலையிழுக்கும் கரைச்சீட்டு கிடையாது. இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாதபோது கைதட்டிவிடுவதுதான் பத்திரம் என்று ஏழைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் நாற்பது பேரையும் குரல் பார்த்துப் பிரித்தார். கட்டைக் குரல்காரர்கள் வலது கம்பாவுக்கு, கீச்சுக் குரல்காரர்கள் இடதுக்கு. துறையின் தடியர்கள் அத்தனை பேரும் வலது பக்கம் போய்விட்டார்கள். வலை கோணிக்கொண்டு வந்தது. மடியில் ஏழு சாளை மீனும் ஒரு செருப்பும் இருந்தன.

"எஜமான், வலை கோணுது," என்றார் ஏசுஅடிமை.

"பாட்டு கோணவில்லையே," என்றார் அதிகாரி.

ஏசுஅடிமையைக் கலங்கடித்த விஷயம் இதுவல்ல. பதினான்காம் சுற்று என்று அதிகாரி எழுதிவைத்தாரே, வலை சரியாகப் பாறைக்கு மேல் வரும் நேரம் அது. முதல்நாள் ஜஸ்டஸின் கால் மாட்டியது அங்கேதான், அதிகாரி கேட்டதும் அங்கேதான். இனி ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் ஜஸ்டஸ் கூப்பிட வேண்டும், கூப்பிட்டாலும் இவர்கள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிஜமாகவே மாட்டினால்?

அன்று மத்தியானம் ஜஸ்டஸின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள்.

"ஒருக்கா கூப்பிட்டா அவருக்க பங்கு. ரெண்டு மட்டம் கூப்பிட்டா எனக்க கூப்பாடு. போதுமா மச்சான்?" என்றான் ஜஸ்டஸ்.

"கொள்ளாம் மக்கா," என்றார் ஏசுஅடிமை. மனசு ஆறியது.

மூன்றாம் நாள் கால் நிஜமாகவே மாட்டி, ஜஸ்டஸ் இரண்டு தடவை கூப்பிட்டான். ஏசுஅடிமை கயிற்றைப் போட்டார். கீச்சுக் குரல் பக்கம் பாதிப் பேர் போட்டார்கள். நாராயணபெருமாள் கோலை இறக்கிவிட்டு நடந்து வந்தார். ஏலத்தை அறுத்ததற்காக ஒரு வாரம் கரைச்சீட்டு நிறுத்திவைக்கப்படுகிறது என்றார். பிறகு குரல் தழுதழுக்க, "ஆனால் அந்த இரண்டாவது கூப்பாடு! முதலாவதைவிடச் சிறப்பு. செல்வதாஸ், பதினான்கில் இரண்டு என்று திருத்தும்," என்றார்.

ஒரு வாரம் ஊர் மரச்சீனிக் கிழங்கைத் தின்று கிடந்தது. கை தூக்கிக் காட்டுவது என்று யோசித்தார்கள். அலைக்குப் பின்னால் கை எங்கே தெரியும்? சீழ்க்கை அடிப்பது என்று யோசித்தார்கள். ஜஸ்டஸ் அடித்துப் பார்த்த சீழ்க்கை அதிகாரியின் கூடாரம்வரை போயிற்று, குமாஸ்தா பேனாவோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அதோடு அதுவும் போயிற்று. எந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தாலும் அது இலாகாவுக்குச் சொந்தமாகிவிடும்போது மனிதன் என்னதான் செய்வான்?

கடைசியில் ஜஸ்டஸ்தான் சொன்னான். "மச்சான், கேளும். பதினாலுல நான் கூப்பிட்டா எல்லாம் செவ்வையா இருக்குன்னு வச்சுக்கிடும். கூப்பிடாம இருந்தா கயித்தப் போட்டிரும். சத்தத்ததானே அந்த மனுசன் எழுதுவாரு? மிண்டாம கெடக்கதயும் எழுதுவாரா?"

ஏசுஅடிமைக்கு இது பிடித்திருந்தது. இலாகாவை ஏமாற்றிவிட்டோம் என்றுகூடச் சிரித்தார்கள். அடுப்படியில் இருந்த செசிலி மட்டும் சிரிக்கவில்லை.

"கால் மாட்டி முங்குத ஆளு வாய மூடிட்டு கெடப்பாவளா அண்ணே?" என்றாள்.

"ஏட்டி, நீ சும்மா இரி," என்றார் ஏசுஅடிமை.

தலைநகரிலிருந்து இலாகாவின் தலைமை அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தாக்கீது வந்தது. அதற்கு முப்பது நாள் ஒத்திகை. ஒத்திகைக்குக் கடல் தேவையில்லை என்று நாராயணபெருமாள் முடிவு செய்தார். அலையின் சத்தம் பங்குக்கு அடங்காமல் இருந்தது அவருக்கு உறுத்தல். கம்பா இரண்டையும் ஒரு தென்னையில் கட்டி, நாற்பது பேரும் காலையிலிருந்து மத்தியானம்வரை தென்னையை இழுத்தார்கள். ஜஸ்டஸ் மணலில் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்துப் பதினான்காம் சுற்றில் இரண்டு தடவை "தாயே" என்றான். முதல் நாலு நாள் பிள்ளைகள் சுற்றிநின்று சிரித்தார்கள். பிறகு அவர்களும் வரவில்லை.

பத்தாம் நாளில் கோல் உயர்வதற்கு முன்பே எல்லார் தொண்டையும் திறக்க ஆரம்பித்தது. இருபதாம் நாளில், கஞ்சி விளம்ப செசிலி அகப்பையைத் தூக்கியபோது ஏசுஅடிமையின் வாயிலிருந்து "மாதாவே" என்று வந்துவிட்டது. எதிரே இருந்த ஜஸ்டஸ் "ஏலோ" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செசிலி அகப்பையை மெல்லக் கீழே வைத்தாள். அதற்குப்பின் அந்த வீட்டில் யாரும் கையை உயர்த்தாமல் நடமாடப் பழகினார்கள்.

பார்வை நாள் வந்தது. பந்தல் போட்டு, ஏழு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். தலைமை அதிகாரி மோட்டாரில் வந்து இறங்கினார். பருத்த, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஏசுஅடிமை கடலைப் பார்த்தார். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தெற்கேயிருந்து நீரோட்டம் கடுத்து வந்தது. இந்த மாதிரி நாளில் யாரும் கரமடி வளைக்கமாட்டார்கள்.

"எஜமான், இன்னைக்கு நீரோட்டம் சரியில்ல. நாளைக்குப் போடலாமா?"

"நீரோட்டத்துக்கு நான் பங்கு கொடுக்கவில்லை," என்றார் நாராயணபெருமாள். "வரிசைக்குப் போம்."

ஜஸ்டஸ் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு வந்தான். "கேட்டீரா மச்சான்? கூப்பிட்டா செவ்வ. மறந்திராதயும்," என்றான். வள்ளம் வலையை வளைத்துப் போட்டது. அவன் குதித்தான்.

கோல் உயர்ந்தது. "மாதாவே கையத் தா" என்று ஏசுஅடிமை தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது தொண்டையும் ஒரே தொண்டையாக இருந்தது. பந்தலில் தலைமை அதிகாரி தொடையில் தாளம் போட்டார். பத்தாம் சுற்றில் ஏசுஅடிமை கண்ணைக் கடலுக்குத் திருப்பினார். பன்னிரண்டு. பதின்மூன்று. கூப்பிட்டுவிடு மக்கா, கூப்பிட்டுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அவன் சும்மா இருந்துவிட்டால் கயிற்றைப் போட்டுவிடத் தீர்மானித்திருந்தார். கரைச்சீட்டு போகட்டும், ஊர் பட்டினி கிடக்கட்டும், போட்டுவிடுவார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பதினான்கு.

"தாயே!"

ஏசுஅடிமைக்கு உயிர் வந்தது. கண்கூடக் கலங்கியது. செவ்வையாக இருக்கிறான், கூப்பிட்டுவிட்டான்.

"தாயே!"

இரண்டாவதும் வந்துவிட்டது. கம்பா திடீரென்று கையில் கனத்தது. மீன் என்று நினைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கனத்தை மீன் என்று அவர் உள்ளங்கை ஒருநாளும் சொல்லியிருக்காது. கோல் தாழ்ந்தது, இழுத்தார். மூன்றாவதாக ஒரு "தா" கேட்டது. அது பாதியில் நின்றது. பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று பயல் கூட்டிப் போடுகிறான் என்று நினைத்தார். அதைக் கேட்டு அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை அவர் பிற்பாடு ஒருவரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

இருபது சுற்றும் பிசகாமல் முடிந்தன. மடி கரைக்கு ஏறியது. கொம்பன்துறையில் அவ்வளவு மீன் அந்த வருஷத்தில் பட்டதில்லை. வெள்ளிபோலத் துள்ளிய சாளைக்கு நடுவில், வலைக்கண்ணில் வலது கால் முறுக்கிக்கொண்டு ஜஸ்டஸ் கிடந்தான். மூக்கிலிருந்து நுரை வந்திருந்தது. ஏசுஅடிமை அவனைப் புரட்டி, வயிற்றை அமுக்கி, கன்னத்தில் அடித்து, "லே மக்கா, லே, எந்திலே" என்றார். தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை.

பந்தலில் ஏழு நாற்காலியும் எழுந்து நின்று கைதட்டின. தலைமை அதிகாரி மணலில் கால் புதையப் புதைய இறங்கி வந்தார்.

"நாராயணபெருமாள், நான் லண்டனில் கேட்டிருக்கிறேன், கல்கத்தாவில் கேட்டிருக்கிறேன். அந்த மூன்றாவது கூப்பாடு, பாதியில் நின்றதே, அது உம்முடைய யோசனைதானே?"

"இலாகாவின் யோசனை, சார்," என்றார் நாராயணபெருமாள் அடக்கமாக.

குமாஸ்தா செல்வதாஸ் பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். "சார்," என்றான் மெதுவாக, "அந்த ஆள் செத்துப்போனான்."

"அடடா," என்றார் தலைமை அதிகாரி. அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அடுத்த மாதம் தலைநகரில் காட்சி வைப்பதாக இருந்தேனே. வேறு ஆள் இருக்கிறானா?"

"இரண்டு பேர் இருக்கிறார்கள், சார். முப்பது நாள் கொடுத்தால் போதும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு செசிலி வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. கையில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது. புருஷனைப் பார்த்தாள், குனியவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"நான் வீட்டுல அடுப்படியில இருந்தேன் அண்ணே," என்றாள். "அங்க எனக்குக் கேட்டுது. முத கூப்பாட்டுலயே தெரிஞ்சுது, அவியளுக்க உசிர் போவுதுன்னு. நீ கயித்துல நின்னியே. உனக்குக் கேக்கலியா?"

செசிலி அப்படியே மணலில் விழுந்து, ஜஸ்டஸின் காலைக் கட்டிக்கொண்டு, ஊர் நடுங்க அலறினாள்.

தலைமை அதிகாரி முகம் சுளித்தார். பங்கில் இல்லாத சத்தம் அது. அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதற்காக நாராயணபெருமாள் கோலை உயர்த்தினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

நாற்பது பேரும் பாடத் தொடங்கினார்கள். "மாதாவே கையத் தா" என்று முதலில் எழுந்த குரல் தன்னுடையது என்பது ஏசுஅடிமைக்கு இரண்டாம் அடியில்தான் தெரிந்தது. நிறுத்தப் பார்த்தார். கோல் இன்னும் இறங்கவில்லை.